ஐவாவின் சமையலறைக் கூரையில் பென்சில் புள்ளிகள்

இல்லை, அது குண்டு பட்ட தழும்பு இல்லை. யார் சொன்னது, ரீபா டோலர்தானே? ரீபாவுக்கு எதிர்வீட்டில் கோழி கத்தினாலும் கொலைதான். ஐவா இருந்த வீட்டைப் புதிதாக வாங்கினவர்கள் வர்ணம் அடிக்க ஏணி போட்டார்களாம். சமையலறை மேசைக்கு நேர் மேலே, கூரைப் பலகையில், நூற்றுக்கணக்கில் கறுப்புப் புள்ளி இருந்ததாம். உடனே எங்கள் ஹிக்கரி ஃபோர்க் ஊர் முழுக்க ஒரே பேச்சு. டார்ஸி ஸ்டர்ஜில் பெண்டாட்டியை வீட்டுக்குள்ளேயே சுட்டு மிரட்டியிருக்கிறான், அதனால்தான் அவள் போனாள் என்று. அதற்கு முன்னால் இருபது வருஷமாக வேறு பேச்சு ஓடியது. ஐவா, வீலிங் நகரத்திலிருந்து வரும் விற்பனைக்காரன் ஒருத்தனோடு போய்விட்டாளாம். சுட்டுத் துரத்தினானா, அவளாக ஒருத்தனோடு போனாளா? ரீபா இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசட்டும்.

டார்ஸி என்கூடப் பிறந்த தம்பி. ஐவா அவன் மனைவி. தம்பியை விட்டுவிட்டு அவன் பெண்டாட்டிக்காகப் பேசுகிறேனே என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம். பதினெட்டு வருஷம், வாரத்தில் மூன்று நாள், அந்தச் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்தவள் நான். ரீபா அந்த வாசற்படியைத் தாண்டினதே இல்லை.

அது பென்சில் பட்ட புள்ளி. சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பென்சில். ஒவ்வொரு ரிவால்வரையும் செப்பனிட்டு முடித்ததும் ஐவா எழுந்து நிற்பாள். உருளையைத் திறந்து ஆறு குழியும் காலிதான் என்று தானும் பார்த்து என்னையும் பார்க்கச் சொல்லுவாள். மூடுவாள். குழலை மேல்நோக்கிப் பிடித்து, ரப்பர் பக்கம் கீழே போகும்படி பென்சிலை உள்ளே விடுவாள். விசையை இழுப்பாள். சுத்தி வந்து அடிக்கிற அடியில் பென்சில் எகிறும். கூரையைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தால் ஸ்பிரிங்குக்குப் பலம் போதும், தோட்டா வெடிக்கும் என்று அர்த்தம். தொடாமல் விழுந்தால் அந்தத் துப்பாக்கி அன்றைக்கு வாசலைத் தாண்டாது. நூற்றுக்கணக்கில் புள்ளி இருந்தது என்றால் அத்தனை துப்பாக்கி அவள் கையால் நன்றாகப் போயிருக்கிறது. அதைப் போய் வெள்ளை வர்ணம் அடித்து மறைத்தார்களே, அதற்குத்தான் எனக்கு வருத்தம்.

ஐவாவின் கையைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கோர்ட்டுக் கட்டடத்தில் தட்டச்சு இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்து அழுத்தமாகவும் இன்னொரு எழுத்து இலேசாகவும் விழக்கூடாது, எல்லா விசையும் ஒரே மாதிரி இறங்கவேண்டும், அதுதான் வேலை. டார்ஸி வீட்டு முன்பக்கத்தில் துப்பாக்கி செப்பனிடும் கடை வைத்திருந்தான், பெரிய வேலைகளில் கெட்டிக்காரன். குழல் மாற்றுவான், மரப்பிடி செதுக்குவான், இரும்புக்கு நீலம் ஏற்றினால் நள்ளிரவு வானம் மாதிரி இருக்கும். ஆனால் ரிவால்வரின் வயிற்றைத் திறந்தால் அவனுக்குப் பொறுமை போய்விடும். அவன் விரல் ஒவ்வொன்றும் சோளக்கதிர் பருமன்.

ரிவால்வரில் ஒரே இழுப்பில் மூன்று காரியம் நடக்கவேண்டும். சுத்தி பின்னால் போகவேண்டும், உருளை அடுத்த தோட்டாவுக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ளவேண்டும், சுத்தி விழவேண்டும். கடையில் வாங்கின துப்பாக்கியில் இந்த மூன்றும் மூன்று மாட்டைப் போல ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நடுவில் ஒரு கரகரப்பு, கடைசியில் ஒரு முட்டல். வேறு ஊர்களில் செப்பனிடுகிறவர்கள் ஸ்பிரிங்கைத் தேய்த்து மெலிதாக்கிவிடுவார்கள். விசை இலேசாகிவிடும், வாங்கினவன் சிரித்துக்கொண்டே போவான். "அது சோம்பேறி வேலை, அக்கா" என்பாள் ஐவா. அவள் ஸ்பிரிங்கில் அவ்வளவாகக் கை வைக்கமாட்டாள். ஒன்றோடொன்று உரசுகிற இடத்தையெல்லாம் எண்ணெய் தடவின சாணைக் கல்லில், கண்ணாடியில் ஆவி பட்டால் துடைக்கிற அழுத்தத்தில், நாள் முழுக்கத் தேய்ப்பாள். அத்தனை தேய்த்தும் இரும்பு குறைந்தது என்று சொல்ல முடியாது. அதன்மேல் இருந்த முரட்டுத்தனத்தை மட்டும் எடுத்தாள்.

பிறகு குளிர்சாதனப் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிடுவாள். அது உறுமினால் அவளுக்குக் கேட்காது. கண்ணை மூடிக்கொண்டு, காதோரம் வைத்து, மெதுவாக விசையை இழுப்பாள். உருளை பூட்டிக்கொள்கிற சத்தமும் சுத்தி விடுபடுகிற சத்தமும் எந்த இடைவெளியில் வருகிறது என்று கேட்பாள். ஒருமுறை மறுபடி செருக மறந்து, டார்ஸி வாங்கி வைத்திருந்த ஐஸ்கிரீம் மொத்தமும் கரைந்து தரையில் ஓடியது.

"துப்பாக்கி வேலை நடக்கிற வீடா, பால் பண்ணையா இது?" என்றான் டார்ஸி.

"நக்கிக்கோ. தரை சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

அப்படிச் சிரித்த வீடுதான் அது.

கடைசிச் சோதனை என் விரல். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, துப்பாக்கியும் தெரியாது. அதனால்தான் வேண்டும் என்பாள். "டார்ஸி கையில கொடுத்தா அவன் பேச ஆரம்பிச்சுடுவான். நீ சும்மா இழுத்துட்டு என்ன தோணுதோ சொல்லுக்கா." நான் உரித்த பீன்ஸைத் தள்ளிவைத்து, கையைத் துடைத்து, சுவரைப் பார்த்து இழுப்பேன். எங்கள் அப்பா வீட்டுக் கிணற்றில், எண்ணெய் போட்ட கப்பியில், பாதி வாளி ஏறுகிற மாதிரி இருக்கும். கனம் உண்டு, ஆனால் அடியிலிருந்து மேல்வரை ஒரே கனம். எப்போது விடுபட்டது என்று விரலுக்கே தெரியாது. "எங்கேயாவது தடுக்குதா?" என்பாள். சில நாள், "பாதி வழியில ஒரு மணல் இருக்கு" என்பேன். முகம் கோணாமல் மறுபடி திறந்துவிடுவாள். அந்த ஒரு மணலுக்கு இன்னொரு நாள் ஆகும்.

பெயர் எப்படி டார்ஸிக்குப் போனது என்று கேட்பீர்கள். அதையும் மறைக்கமாட்டேன். ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு மாநில போலீஸ்காரன் முதல்முதலாக அவள் செய்த ரிவால்வரைக் கடையில் நின்று இழுத்துப் பார்த்தான். மூன்று முறை இழுத்தான். தொப்பியைக் கழற்றினான். "யார் கை வேலை இது?" என்றான். ஐவா மாவுக் கையோடு, வீட்டுக்கும் கடைக்கும் இடையிலுள்ள நடுக்கதவில் நின்றிருந்தாள். டார்ஸி, "நம்ம வேலைதான்" என்றான். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குச் சாப்பாட்டில் நான் கேட்டபோது, "போகட்டும்க்கா. பொம்பளை தொட்ட துப்பாக்கின்னா எவன் இடுப்புல கட்டுவான்?" என்றாள். அவளே சொன்னாள். ஆனால் ஒருநாள் சொன்னதைப் பதினெட்டு வருஷம் பிடித்துக்கொண்டிருந்தது என் தம்பி.

அந்த நாட்களில் போலீஸ்காரர்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை சுடும் போட்டி. தேவாலயம் முடிந்து, கோழியும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, பழைய கல்குவாரிக்குக் கிளம்புவார்கள். பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து மூன்று கவுண்டியிலிருந்து வருவார்கள். ஜெயிக்கிறவனுக்குப் புகை போட்ட பன்றித் தொடை ஒன்று பரிசு. நாங்கள் பெண்கள் கார் மேல் போர்வை விரித்து உட்கார்ந்திருப்போம். ஆறு குண்டும் தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி சீராகப் போனால், ஐவா என் பக்கம் திரும்பாமலே முழங்கையால் இடிப்பாள். எங்களுக்கு மட்டும் தெரியும். எனக்கு இன்றைக்கும் ஞாயிறு மத்தியானம் என்றால் அந்த முழங்கைதான் ஞாபகம்.

எங்கள் கவுண்டி அணியில் நன்றாகச் சுடுகிறவன் ஓக்கி பிளெவின்ஸ். ஷெரீஃபின் துணை அதிகாரி. நல்ல பையன், வாய் கொஞ்சம் நீளம். எழுபத்துநாலு வசந்தத்தில் ஒரு ஞாயிறு அவன்தான் பன்றித் தொடையை வாங்கினான். அதற்கடுத்த செவ்வாய் மத்தியானம், தீவனக் கடையில் ஒருத்தன் நீளத் துப்பாக்கியோடு கல்லாவில் கை வைத்துக்கொண்டிருந்தபோது ஓக்கி உள்ளே போனான். ரிவால்வரை எடுத்தான். இழுத்தான். டிக். மறுபடி இழுத்தான். டிக். இரண்டு தோட்டாவும் வெடிக்கவில்லை. திருடன் தாழ்வாகச் சுட்டுவிட்டு ஓடினான். பாலத்தில் பிடித்துவிட்டார்கள். ஆனால் ஓக்கியின் முழங்கால் போனது போனதுதான்.

சாயங்காலத்துக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. ஸ்டர்ஜில் துப்பாக்கி காலை வாரிவிட்டது. விசையை அளவுக்கு மீறி இலேசாகச் செய்தால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை கோர்ட்டுக் கட்டடத்து மாடியில் விசாரணை என்று ஷெரீஃப் லீமன் சொல்லிவிட்டார். முந்தின நாள் அவரே அந்த ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து டார்ஸியிடம் கொடுத்தார். "பாத்து வை. நாளைக்கு நீதான் எங்களுக்கு எடுத்துச் சொல்லணும்" என்றார்.

அவர் கார் திரும்பினதும் ஐவா குளிர்சாதனப் பெட்டியைப் பிடுங்கினாள். உருளையைத் திறந்து பார்த்தாள், பென்சிலை விட்டாள், இழுத்தாள். பென்சில் ஒரு சாண் எழும்பிவிட்டு மேசையில் விழுந்து உருண்டது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிடியின் முன்பக்கம், அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. பெரிய ஸ்பிரிங்கை முறுக்கிப் பிடிப்பது அதுதான். ஐவா அதை முழுக்க முறுக்காமல் எந்தத் துப்பாக்கியையும் அனுப்பினதில்லை. ஒவ்வொரு திருகுக்கும் தானே தீட்டிவைத்த திருப்புளிகள் அவளுக்கு இருந்தன, அவள் தொட்ட திருகின் தலையில் ஒரு கீறல் இருக்காது. இந்தத் திருகின் தலை நாய் கடித்த எலும்பு மாதிரி இருந்தது. யாரோ சமையல் கத்தியால் திருப்பியிருக்கிறான். திருப்புளி வைத்து உள்ளே முறுக்கிப் பார்த்தாள். ஒன்றரைச் சுற்றுப் போனது. மறுபடி பென்சில். கூரையில் பளிச்சென்று புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்காரர்கள் எல்லாரும் செய்கிற திருட்டுத்தனம் அது. திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் விசை வெண்ணெயாகிவிடும். போட்டிக்கென்று மெல்லிய தோட்டா வைத்திருப்பார்கள், அது எப்படியும் வெடித்துவிடும். திங்கட்கிழமை மறுபடி முறுக்கிவிட்டு, வேலைக்கான தோட்டாவைப் போட்டுக்கொள்வார்கள். அந்தத் தோட்டாவுக்கு அழுத்தமான அடி வேண்டும். ஓக்கி அந்தத் திங்கட்கிழமை பன்றித் தொடையைப் பங்கு போட்டு விருந்து வைத்த சந்தோஷத்தில் முறுக்க மறந்திருக்கிறான்.

ஐவா திருகை இருந்தபடியே ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி வைத்தாள். "நாளைக்குப் போய் இதைச் சொல்லு. திருகைக் காட்டு. பென்சிலைக் காட்டு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

டார்ஸி நாற்காலியில் உட்கார்ந்தான். "கால் போனவன் மேல பழியைப் போடச் சொல்றியா?"

"பழி இல்ல. திருகு."

"எல்லாப் பயலும் அதைத்தான் பண்றான், ஐவா. நான் சொன்னா அத்தனை பேரையும் காட்டிக் கொடுத்த மாதிரி. அப்புறம் இந்த வாசல்ல எவன் காலை வைப்பான்?"

"வராட்டிப் போறான்."

"உனக்கென்ன, சொல்லிடுவே. கடை போர்டுல இருக்கிறது என் பேரு."

அவள் திருப்புளியைத் துடைத்து வைத்தாள். பிறகு, "நீ எதைப் பத்தி வேணா பொய் சொல்லு டார்ஸி. நான் செஞ்ச வேலை கெட்டதுன்னு மட்டும் சொல்லிடாதே. அதைத் தாங்கமாட்டேன்" என்றாள்.

"சொல்லமாட்டேன்" என்றான். நான் அங்கேதான் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மாடி முழுக்கக் கூட்டம். முன்வரிசையில் ஓக்கி, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை. அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோடு பக்கத்தில். சுவரோரம் போட்டி அணிக்காரர்கள் ஏழு பேர், எல்லாரும் இடுப்பில் உறையோடு. ஐவா நீலக் கவுன் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையில் ஒரு பென்சில் வைத்திருந்தாள்.

டார்ஸி எழுந்து நின்றான். தொப்பியைக் கையில் சுற்றிச் சுற்றித் திருப்பினான். ஓக்கியைப் பார்த்தான், அந்த ஏழு பேரைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னான்:

"இந்தத் துப்பாக்கியோட உள்வேலை நான் பண்ணலை. என் பெண்டாட்டி பண்ணினா. நான் மேற்பார்வை பாத்திருக்கணும், பாக்கலை. அதுதான் என் தப்பு."

தலைகள் எல்லாம் ஐவா பக்கம் திரும்பின. பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தான். "பொம்பளை வேலையா?" என்று ஒரு குரல். அந்தக் குரல்காரன் இடுப்பில் தொங்கினதும் அவள் கை வேலைதான். மூன்று கவுண்டியிலும் பேர் வாங்கின வேலை அவளுடையது என்று ஊருக்குத் தெரிந்த முதல் நாள் அதுதான், அதுவும் இப்படி.

ஷெரீஃப் லீமன், "அப்படியா, ஐவா?" என்றார்.

அவள் எழுந்து முன்னால் போனாள். அவசரப்படவில்லை. "ஆமா ஷெரீஃப். இது மட்டும் இல்ல, எல்லாமே என் வேலைதான். இந்தத் திருகை மட்டும் நான் தளர்த்தலை." மேசையில் இருந்த ரிவால்வரைக் காட்டினாள். சுவரோரம் திரும்பினாள். "உங்க ஏழு பேரோடதையும் காலி பண்ணி இந்த மேசையில வைங்க. திருகுத் தலையை மட்டும் பாக்கறேன். ரெண்டே நிமிஷம்."

ஆறு பேர் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். ஒருத்தன் ஜன்னலைப் பார்த்தான். ஓக்கி மெல்ல வாயைத் திறந்தான், அவன் பெண்டாட்டி அவன் முழங்கை மேல் கையை வைத்தாள், மூடிக்கொண்டான். நான் ஷெரீஃபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய உள்ளங்கை மெதுவாகப் போய்த் தன் உறையை மூடிக்கொண்டது. அவரும் ஞாயிற்றுக்கிழமை சுடுகிறவர்தான்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு. இன்னைக்கு இது போதும்" என்றார்.

அவ்வளவுதான் விசாரணை. நாற்காலிகள் கிரீச்சிட்டன, எல்லாரும் படி இறங்கிப் போனார்கள். ஐவாவுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள், தொற்றுநோய்க்காரிக்கு விடுகிற மாதிரி. அன்றைக்கு நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பென்சில் கூரையைத் தொட்டதைப் பார்த்தவள் நான். படிக்காதவள் பேச்சு கோர்ட்டில் எடுபடுமா என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன். இப்போது இவ்வளவு பேசுகிறேனே, அதற்கு அதுவும் ஒரு காரணம்.

காரில் டார்ஸி, "நான் பொய் சொல்லலையே" என்றான்.

"இல்ல. பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா உண்மை சொன்னே" என்றாள் ஐவா. "நல்ல நேரம் பாத்துச் சொன்னே."

மறுநாள் காலையில் நான் சோளரொட்டி எடுத்துக்கொண்டு போனபோது அவள் கோட்டுப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். கால் பக்கத்தில் ஒரு பெட்டி. எதிரில் துண்டு விரித்து, ஒரு போலீஸ் கேப்டனின் ரிவால்வர் பாதி வேலையில் திறந்து கிடந்தது. டார்ஸி கதவில் சாய்ந்து நின்றிருந்தான். இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"பத்து மணிக்குக் கேப்டன் வர்றார். இதை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டு, என்ன கோவமோ அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

"அதைத்தான் செஞ்சிட்டிருக்கேன்" என்றாள்.

நான் ரொட்டியை வைத்துவிட்டுப் பார்த்தேன். அவள் முடிக்கவில்லை. துப்பாக்கிகள் வரும்போது உள்ளே இருந்த பழைய ஸ்பிரிங்குகளையும் சில்லறைத் துண்டுகளையும் அவள் தூக்கிப்போடுவதில்லை, ஆளுக்கொரு மூக்குப்பொடி டப்பாவில் வைத்திருப்பாள். கேப்டனின் டப்பாவைத் திறந்து, தான் மாற்றாக வாங்கி மெருகேற்றின துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துவிட்டு, தொழிற்சாலையில் வந்ததையே திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்ததைக் கைக்குட்டையில் முடிந்து கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மூடினாள். திருகை முறுக்கினாள். துண்டால் துடைத்து டார்ஸி பக்கம் தள்ளினாள்.

அவன் எடுத்து இழுத்தான். மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கரகரவென்று கேட்டது.

"என்ன இது?"

"வந்தபடியே இருக்கு. கேப்டன் கேட்டா வேலை நடக்கலைன்னு சொல்லு. அதைச் சொல்ல நீ போதும்."

"ஐவா, நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்? நீயே சொல்லு."

"தெரியலை" என்றாள். உண்மையாகவே யோசித்துப் பார்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. "தெரிஞ்சா இருந்திருப்பேன்."

என்னிடம் வந்தாள். என் வலதுகையை எடுத்து, ஆள்காட்டி விரலை இரண்டு முறை அழுத்தினாள். நான் கூட வருகிறேன், பஸ் நிற்கிற இடம் வரைக்கும் என்றேன். "வேண்டாம்க்கா. நீ வந்தா நான் அழுவேன், ரீபா ஜன்னல்ல நிக்கிறா" என்றாள். ரீபா நின்றுகொண்டுதான் இருந்தாள். அவள் பார்த்தது ஒரு பெண், ஒரு பெட்டி, அவ்வளவுதான். விற்பனைக்காரன் எங்கிருந்து முளைத்தான் என்று அவளைத்தான் கேட்கவேண்டும். ஐவா பிறகு எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

அவள் பின்வாசல் வழியாகப் போகவில்லை. நடுக்கதவைத் திறந்து கடைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். கல்லாவுக்கு முன்னால் ஒரு கிழவர், முயல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். விசாரணைச் செய்தி அவர் மலைக்கு இன்னும் ஏறவில்லை போலிருக்கிறது. அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

"காலை வணக்கம் ஐவா. டார்ஸி இருக்காரா?"

"உள்ளேதான் இருக்கார்" என்றாள் ஐவா. "எங்கேயும் போகமாட்டார், உக்காருங்க."

பெட்டியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.